கறுத்து விழுவது பிஞ்சு இல்லை

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில் "பலாக்கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்த முறை வேறு எதுவும் கிடையாது, முழுக்கப் பலாதான். நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரன், பேச்சில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் வைத்த பலாவுக்கு ஆறு வயசு. இந்த வருஷம்தான் முதல்முதலாகப் பிஞ்சு விட்டது. விரல் நீளம் வந்ததும் ஒவ்வொன்றாகக் கறுத்து, மேலே பூஞ்சை பிடித்து விழுந்துவிடுகிறது. ஒன்றுகூட நிற்கவில்லை. அடிமரத்தில் ஆணி அடித்தால் நிற்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடிக்கலாமா? – வாசகி, திருவள்ளூர்

பதில்: முதலில் ஆணியைக் கீழே வையுங்கள். விழுவது பிஞ்சே இல்லை. பூ. அதுவும் ஆண் பூ.

வந்த கடிதங்களில் பாதி இதே கேள்விதான், வேறு வேறு ஊரிலிருந்து, ஒருத்தர் வெறுத்துப்போய் மரத்தையே வெட்டிவிடலாமா என்றுகூட எழுதியிருக்கிறார். பலாவில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் தனித்தனிக் கொத்தாக. பூ என்றால் நாம் இதழையும் நிறத்தையும் தேடுவோம். இங்கே அதெல்லாம் கிடையாது, எக்கச்சக்கமான பொடிப்பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பச்சைக் கட்டை மாதிரி நிற்பதால் பார்க்கிறவர்களுக்கு அது பிஞ்சாகத்தான் தெரியும். ஆண் கொத்து மெல்லிய காம்பில் தொங்கும், பெரும்பாலும் கிளை நுனிப்பக்கம். தொட்டால் ஓரளவு வழவழப்பாக இருக்கும். சில நாள் கழித்துத் தடவினால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது, கறுத்து விழுந்துவிடும், விழத்தான் வேண்டும். பெண் கொத்து அப்படி இல்லை. அடிமரத்திலோ பெரிய கிளையிலோ கட்டையாக ஒரு சிம்பு விட்டு, அதிலிருந்து தடித்த காம்போடு வரும். சுண்டுவிரல் அளவிலேயே மேலே சொரசொரவென்று முள் தெரியும். நிற்பது அதுதான்.

மரம் முதன்முதலில் பூக்கும்போது ஆண் பூவாகவே தள்ளிக்கொண்டிருப்பது சகஜம். அடுத்த வருஷம் கார்த்திகை, மார்கழி வாக்கில் அடிமரத்தைக் கவனித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பலாவுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது யார் என்பதே வெகுநாள் குழப்பம். காற்று என்றார்கள், தேனீ என்றார்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வளரும் பலா மரங்களில் செய்தது, ஒரு பொடி ஈதான் இதைச் செய்கிறது என்று காட்டியது. நெல்லில் ஆனைக்கொம்பன் ஈ என்போமே, அதே குடும்பம். அந்த ஈ முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது எங்கே தெரியுமா, நீங்கள் தினமும் பெருக்கித் தள்ளுகிற அந்த அழுகல் பூக்கொத்தில். அதனால் ரொம்பச் சுத்தம் பார்க்காதீர்கள். நிஜக் காயை ஒட்டிக்கொண்டு அழுகித் தொங்குவதை மட்டும் எடுத்துவிடுங்கள், அதிலிருந்து பூஞ்சை காய்க்குத் தாவும்.

கேள்வி: சாலையோரத்தில் முழுப்பழம் வாங்கினால் பாதி நேரம் ஏமாந்துவிடுகிறேன். வெளியே மணக்கிறது, வீட்டில் வெட்டினால் சப்பென்று இருக்கிறது. எப்படிப் பார்த்து வாங்குவது? – வாசகர், விழுப்புரம்

பதில்: மூக்கை நம்பாதீர்கள். கடையில் பத்துப் பழம் அடுக்கியிருக்கும்போது எந்தப் பழத்தின் வாசனை யாருக்குத் தெரியும்?

எங்கள் ஆயா பழத்தைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையை முள்ளின் மேல் வைத்து லேசாக அழுத்தும். குத்தினால் கையை எடுத்துவிடும். முற்றிய பழத்தில் முள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நுனி மழுங்கிப் பரந்திருக்கும். அப்புறம்தான் தட்டல். முற்றாத காய் "டங்" என்று கெட்டியாகப் பதில் சொல்லும், முற்றியது "பொத்" என்று மந்தமாக. காம்பு வெட்டிய இடத்தில் பால் கெட்டியாக வடிந்து உறைந்திருந்தால் அவசரப்பட்டு வெட்டிய காய், நீர்த்துப்போயிருந்தால் நல்லது.

இன்னொன்று, உருவம். பழத்தின் மேல் இருக்கிற ஒவ்வொரு முள்ளும் ஒரு பெண் பூவின் நுனி. கருப்பிடித்த பூ சுளையாகிறது, பிடிக்காதது சுளைக்கு நடுவில் தட்டைத் தட்டையாக நாம் உரித்துப் போடுகிற சடையாகிறது. ஆக ஒரு பழத்தில் ஒரு பக்கம் ஒட்டிப்போய்க் குழி விழுந்திருந்தால் அந்தப் பக்கம் ஈ சரியாக வரவில்லை, உள்ளே சடைதான் நிறைய என்று அர்த்தம். எடைக்குக் காசு கொடுத்துச் சடை வாங்க வேண்டாம், ஒரே சீராக உப்பியதை எடுங்கள்.

முற்றியதை வாங்கிவந்து மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்தால் தானே பழுக்கும். கல் வைத்துப் பழுக்க வைத்ததில் தோல் மட்டும் நிறம் மாறும், சுளை வெளுத்திருக்கும். உங்கள் சப்பென்ற பழத்தின் கதை அதுவாகத்தான் இருக்கும். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஆனாலும் புழக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: பால் பிசின் ஒட்டாமல் நறுக்க வழி? – வாசகி, சேலம்

பதில்: கைக்கும் கத்திக்கும் எண்ணெய். எந்த எண்ணெயும் சரிதான். பலரும் செய்யும் தப்பு, ஒட்டிய பிறகு தண்ணீரில் கழுவுவது; தண்ணீருக்கு அது மசியாது. வெட்டியவுடன் வடியும் பாலைச் செய்தித்தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, நடுத்தண்டைச் சீவி எறிந்துவிட்டால் பாதிப் பிசின் போய்விடும். கத்தியில் காய்ந்துபோனதை அடுப்பில் லேசாகச் சூடாக்கி எண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. பலா சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு, ஒரே மூச்சில் பத்துச் சுளை சாப்பிடுகிறார். சரியா? – வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. அப்பாவிடமிருந்து தட்டை வாங்கி வையுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2021-இல் வெளியானது. அதில் 12 வாரம் தினமும் 30 கிராம் பலாக்காய் மாவை, அரிசி அல்லது கோதுமை மாவில் அதே அளவைக் குறைத்துவிட்டுச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறைந்தது. கவனியுங்கள், காய். பழம் இல்லை. அதுவும் சோற்றுக்குப் பதிலாக, சோற்றுக்கு மேலே இல்லை. காயில் மாவுச்சத்தும் நாருமாக இருப்பதுதான் பழுக்கும்போது சர்க்கரையாக மாறுகிறது. 100 கிராம் பழுத்த சுளையில், அதாவது சுமாரான அளவில் நாலைந்து சுளையில், 19 கிராம் சர்க்கரை இருக்கும். பத்துச் சுளை என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அதே 100 கிராமில் பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது, இதயத் துடிப்பு வரை தொந்தரவு போகும். டயாலிசிஸில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு சுளைகூடத் தொட வேண்டாம்.

கேள்வி: பலாக்கொட்டையைப் பச்சையாகத் தின்னலாமா? வாயுத் தொல்லை வராமல் எப்படிச் சமைப்பது? மழைக்காலம் வரை வைத்திருக்க முடியுமா? – வாசகி, அரியலூர்

பதில்: பச்சையாக வேண்டாம். புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் அதில் இருக்கிறது, வேகவைத்தால் அடங்கிவிடும். பலாக்கொட்டைப் புரதத்தில் ஜாக்கலின் என்று ஒன்று உண்டு, நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகையை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகங்களில் அந்த வகையைப் பிரித்தெடுக்க இந்தப் புரதத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். நாம் குப்பையில் போடுவதை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வீட்டில் செய்கிற முறை இது. கொட்டையை ஒரு நாள் நிழலில் காயப் போடுங்கள், மேலே இருக்கிற வெள்ளைத் தோல் மொறுமொறுவென்று ஆகி நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோலை உரிக்க மெனக்கெட வேண்டாம், சாப்பிடலாம், அதுதான் ருசியே. நீளவாக்கில் இரண்டாக நறுக்கி, உப்புப் போட்டு, குக்கரில் மூன்று விசில். கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. அதற்கப்புறம் உங்கள் இஷ்டம். முருங்கைக்காய், மாங்காயோடு சேர்த்துச் சாம்பார். கருவாட்டுக் குழம்பு என்றால் கத்திரிக்காயோடு இதையும் போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, சுண்டச் சுண்ட வைத்து, மறுநாள் பழைய சோற்றோடு தொட்டுக்கொள்ளுங்கள். வாயுவுக்குப் பூண்டும் பெருங்காயமும் போதும், அதைவிட முக்கியம் அளவு. கைப்பிடிக் கொட்டை ஒருத்தருக்கு ஒரு வேளைக்குத் தாராளம்.

சேமிப்பதற்கு, முன்பெல்லாம் செம்மண்ணைக் குழைத்துக் கொட்டையில் பூசி, காயவைத்துப் பானையில் போடுவார்கள். சிலர் மணலில் புதைப்பார்கள். எங்கள் வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பானை உண்டு, அடைமழையில் விறகு அடுப்பின் தணலில் பத்துக் கொட்டையைப் புதைத்து ஆயா சுட்டுத் தரும், வெடிக்கிற சத்தம் கேட்டால் வெந்துவிட்டது. இப்போது அவித்து ஆறவைத்து ஃப்ரீசரில் போடுகிறேன். ருசியில் பெரிய குறை இல்லை, அந்தச் சத்தம்தான் இல்லை.

கேள்வி: கொல்லிமலையில் சாப்பிட்ட பழம் தேனாக இருந்தது. அந்தக் கொட்டையைப் பத்திரமாக ஆறு மாதம் டப்பாவில் வைத்திருக்கிறேன். நட்டால் அதே ருசி வருமா? – வாசகர், ஈரோடு

பதில்: நட்டால் முளைக்கவே முளைக்காது. பலாக்கொட்டை நெல், உளுந்து மாதிரி காயவைத்து வைத்துக்கொள்கிற விதை இல்லை. மழைக்காட்டு மரம், விழுந்த ஈரத்திலேயே முளைத்துப் பழகியது, காய்ந்தால் உயிர் போய்விடும். பழம் தின்ற சூட்டோடு நட வேண்டும்.

அப்படியே முளைத்தாலும் தாயின் ருசி வரும் என்று சொல்ல முடியாது. வருக்கை மரத்துக் கொட்டையில் கூழன் வந்து நிற்கும். குமரி மாவட்டத்துக்காரர்களைக் கேளுங்கள், சுளை கெட்டியாக, பல்லில் மொறுக்கென்று கடிபடுவது வருக்கை. வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போவது கூழன். கூழனுக்கும் ரசிகர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. குறிப்பிட்ட ருசிதான் வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள், மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும். எங்கள் பக்கத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1, குமரி பக்கம் பேச்சிப்பாறை 1, சிவப்புச் சுளை பிடிக்கும் என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பிரபலப்படுத்திய சித்து. கன்றுக்குக் கன்று 25 அடி விடுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், பலா எதையும் தாங்கும், வேரில் தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

கேள்வி: கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை அருகே பலா சீசனில் யானை வருகிறது, மரங்களை வெட்டிவிட்டால் வராது என்கிறார்களே? பலா தோட்டத்து மரம்தானே, யானைக்கு ஏன் இவ்வளவு ஆசை? – வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: தோட்டத்து மரம் என்று யார் சொன்னது? பலா மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம். அங்கிருந்துதான் நம் கொல்லைக்கு இறங்கி வந்தது. யானை நம் பழத்தைத் தின்ன வரவில்லை, அதன் பழத்தை நாம் வேலி போட்டு வைத்திருக்கிறோம்.

பலா ஏன் கிளை நுனியை விட்டுவிட்டு அடிமரத்தில் காய்க்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உலகத்தில் மரத்தில் காய்ப்பதிலேயே பெரிய பழம் இதுதான், 2016-இல் புனேயில் எடை போட்ட ஒரு பழம் 42.72 கிலோ. மெல்லிய கிளை இதைத் தாங்குமா? கீழே காய்த்தால் யானைக்கும் எட்டும். தின்றுவிட்டு, கொட்டையை வேறு இடத்தில் சாணியோடு போட்டுவிட்டுப் போகும். வால்பாறைப் பக்கம் சோலைமந்திகள் பலாவைப் பிய்த்துத் தின்பதையும் பார்க்கலாம். வேரிலேயே பழுத்துக் கிடக்கிறது என்று நாம் பழமொழியில் அலுத்துக்கொள்வது காட்டு விலங்குகளுக்குப் பந்தி.

வெட்டச் சொல்பவர்களுக்கு என் பதில், வெட்டாதீர்கள், காயிலேயே இறக்கிவிடுங்கள். வீட்டை ஒட்டிய மரத்தில் பழுக்க விட்டு வாசனையைப் பரப்புவதுதான் அழைப்பிதழ். காயைக் கறிக்கு விற்றால் காசும் வரும். இதே பலா பிறந்த காட்டை விட்டுப் போன இடத்தில் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். போர்ச்சுக்கீசியர்கள் நம் மலையாளக் கரையில் "சக்கை"யைக் கேட்டு "ஜாக்கா" ஆக்கி (ஆங்கில ஜாக் அதிலிருந்து வந்ததுதான்) பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். இன்று ரியோ டி ஜெனிரோ நகரத்துக்குள் இருக்கும் டிஜுகா காட்டில் அது அந்த ஊர் மரங்களை நெருக்கிக்கொண்டு பரவுகிறது, அங்கே பலாவைக் கட்டுப்படுத்த ஆள் போடுகிறார்கள். நம்மூர்ச் சீமைக்கருவேலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் ஈரப்பலாக்காய் என்பதைத் தமிழ்நாட்டில் கேட்டால் முழிக்கிறார்கள். உங்களிடம் அது இல்லையா? – வாசகி, வவுனியா

பதில்: இருக்கிறது, சீமைப்பலா, கறிப்பலா என்று சொன்னால் சிலருக்காவது விளங்கும். பசிபிக் தீவுகளின் பக்கமிருந்து வந்தது, பெரும்பாலும் கொட்டை இருக்காது, பலாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அதே வழியில் இன்னொரு தம்பி எங்கள் மலைகளில் உண்டு, அயினி. உள்ளங்கையில் அடங்குகிற பழம், ஆரஞ்சு நிறச் சுளை, புளிப்பும் இனிப்பும், கொட்டையை வறுத்துத் தின்றால் வேர்க்கடலை தோற்கும். மரம் நெடுநெடுவென்று வளர்வதால் பறிக்க ஆள் கிடைக்காமல் பாதி காக்கைக்குத்தான்.

உங்களிடம் எனக்குப் பொறாமை ஒன்று உண்டு. நாங்கள் பலாவை இரண்டு மாத இனிப்பாக மட்டும் பார்க்கிறோம். இலங்கையில் அது சோறு. சிங்களத்தில் "பத் கஸ", சோற்று மரம் என்றே சொல்கிறார்கள். ஆர்தர் வி. டயஸ் என்பவர் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பலா நடச் சொல்லி இயக்கம் நடத்தி, "கொஸ் மாமா", பலா மாமா, என்றே பெயர் வாங்கினார். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பலாவை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். இங்கே பலாக்காய்ப் பொரியல் கல்யாணப் பந்தியில் வந்தால் மட்டன் மாதிரியே இருக்கிறது என்று வியந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டில் ஒரு நாளும் செய்ய மாட்டோம்.

கேள்வி: பலாப்பழம் தின்றால் போலீஸ் ஊதச் சொல்லும்போது மாட்டிக்கொள்வோமாமே, நிஜமா? – வாசகர், தென்காசி

பதில்: நிஜம்தான். 2025 ஜூலையில் கேரளாவின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் குடிக்காத ஓட்டுநர்கள் காலைச் சோதனையில் மாட்டினார்கள். காரணம் யாரோ கொண்டுவந்திருந்த நன்கு பழுத்த பலாப்பழம். குடிக்காத ஒருவரை ஊதச் சொல்லி, பிறகு சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னதும் கருவி கத்தியது. அதிகம் பழுத்த பழத்தில் சர்க்கரை நுரைத்துக் கொஞ்சம் சாராயமாகிறது, அவ்வளவுதான். அது வாயில் இருப்பது, ரத்தத்தில் இல்லை. வாயைக் கொப்பளித்துக் கால்மணி நேரம் கழித்து ஊதுங்கள். வேறு எதையாவது குடித்துவிட்டுப் பலா மேல் பழி போடலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு இந்தப் பதில் உதவாது.

கேள்வி: தாத்தா வைத்த பலா, காய்ப்பு குறைந்துவிட்டது. நல்ல விலைக்கு மரத்தைக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா? – வாசகர், நெய்வேலி

பதில்: விலை கேட்பதில் ஆச்சரியம் இல்லை. தஞ்சாவூர் வீணை, மிருதங்கம், தவில், கஞ்சிரா எல்லாம் பலாக்கட்டைதான், அதுவும் எங்கள் பக்கத்து மரத்துக்குத் தனி மரியாதை. வயதான மரம், வைரம் பாய்ந்திருக்கும்.

ஆனால் என் அனுபவம் ஒன்று. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடிகாலையில் தானே புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் முந்திரியும் பலாவும் வரிசையாகச் சாய்ந்தன. வியாபாரி வந்து விழுந்ததையெல்லாம் எடுத்துப் போனார், ஒன்றை மட்டும் லாரி போக வழியில்லாத மூலையில் கிடந்ததால் விட்டுவிட்டார். பாதி வேர் மண்ணில், பாதி வானத்தில். நாங்களும் மறந்துவிட்டோம். இரண்டாவது வருஷம் படுத்த மரத்தின் முதுகிலிருந்து நேராகத் தளிர் விட்டது, அப்புறம் அடிமரத்தில் காய். இப்போது அதில் ஏற வேண்டியதே இல்லை, காய்கள் தரையில் உட்கார்ந்திருக்கின்றன, கீழே வைக்கோல் போட்டு வைப்போம், எறும்பு ஏறாமல் இருக்க. போன வாரம் எண்ணினேன், ஒன்பது.

நீங்கள் இன்னும் இரண்டு சீசன் பாருங்கள். காய்ந்த கிளையைக் கழித்துவிட்டு, அடியில் மட்கிய தொழுவுரம் போடுங்கள். கட்டைக்கு விலை எப்போதும் இருக்கும்.